மோட்டார் எண்ணெய் வடிகட்டியின் உள்ளமைப்பும் தரமும்

நிலமுடையார் வீடுகளில் உழவு மாடுகள் நின்ற கொட்டகையில் டிராக்டரும், வில்வண்டி நின்ற இடத்தில் மோட்டார் காரும் இடம்பெற்று வெகுகாலம் ஆகிறது. இவ்வியந்திரங்களை வாங்கும்போது நான்கு பேரை விசாரித்து, நான்கு ஊர் சென்று பார்த்து முடிவு செய்யும் விவசாயிகள், அவற்றைப் பராமரிக்கும் விஷயத்தில் அவ்வளவு கவனம் செலுத்துவதில்லை. எஞ்சின் எண்ணெயின் பெயரையும் விலையையும் கேட்டறிபவர்கூட, அதனுடன் மாற்றப்படும் எண்ணெய் வடிகட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைகளில் ‘ஆயில் பில்டர்’ என வழங்கும் அச்சிறு தகர டப்பாவின் நன்மை தீமையே எஞ்சினின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது.

கடைக்காரர் மேஜையின்மீது இரண்டு வடிகட்டிகளை வைப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். மரையும் ஒன்றே. மேற்பூச்சின் வர்ணம் மட்டும் வேறு. ஒன்றின் விலை மற்றதன் விலையில் பாதி. இரண்டும் எஞ்சினில் ஒழுங்காய்ப் பொருந்தும்; இரண்டைப் போட்டாலும் வண்டி ஓடும். ஆகவே மலிவானதே லாபம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வடிகட்டியின் தரம் டப்பாவின் வெளியில் இல்லை; உள்ளே இருக்கிறது. அவ்வுள்ளமைப்பு எத்தகையது, அதில் எவ்வெவ்வுறுப்பு எவ்வாறு பழுதாகின்றது, அதனை விவசாயி தாமே அறிவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு விவரிப்போம்.

வடிகட்டியின் அவசியம்

எஞ்சின் ஓடும்போது கிராங்க் தண்டு அதன் பேரிங்குகளின்மேல் நேராய்ப் படிவதில்லை. இரண்டிற்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று தண்டைத் தாங்குகின்றது. அப்படலத்தின் கனம் சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். எண்ணெயில் கலந்து வரும் கடினமான துகள் ஒன்று, படலத்தின் கனத்தை ஒத்ததாகவோ சற்றுப் பெரிதாகவோ இருப்பின், அது தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே புகுந்து இரண்டையும் கீறும். மிகப் பெரிய துகள் இடுக்கில் நுழையாது. மிகச் சிறியது தீங்கின்றிக் கடந்துவிடும். ஆகவே எஞ்சினுக்கு முக்கியப் பகை, கண்ணுக்குப் புலப்படாத ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையுள்ள துகள்களேயாகும்.

இத்துகள்கள் வருவது எங்கிருந்து எனில், எஞ்சின் உறுப்புகள் தேய்வதால் உண்டாகும் உலோகப் பொடி ஒன்று. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி மற்றொன்று. காற்றுடன் உட்புகும் மண்தூசி மூன்றாவது. புழுதி உழவும் கதிரடிப்பும் நடக்கும் வயல்களில் வேலை செய்யும் டிராக்டருக்கும், கப்பி பெயர்ந்த கிராமச் சாலையில் ஓடும் காருக்கும் மூன்றாவது காரணமே பெரிது. மண்ணிலுள்ள மணற்சத்து எஃகினும் கடினமானது.

வடிகட்டியின் நுட்பத்துக்கும் எஞ்சின் தேய்வுக்கும் உள்ள சம்பந்தத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஆராய்ந்து, 1988-ம் வருஷம் அமெரிக்க மோட்டார் இஞ்சினீயர்கள் சங்கத்தின் வாயிலாக வெளியிட்டனர். 40 மைக்ரான் வடிகட்டியுடன் ஒப்பிடுகையில், 30 மைக்ரான் வடிகட்டி எஞ்சின் தேய்வை 50 சதவீதமும், 15 மைக்ரான் வடிகட்டி 70 சதவீதமும் குறைத்ததாக அதில் கண்டனர்.

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு இத்தகைய வடிகட்டி கிடையாது. கம்பி வலை ஒன்றே இருந்தது. 1923-ம் வருஷம் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்பவர் வடிகட்டி ஒன்றை நிர்மாணித்து, ‘பின்னர் சுத்தமான எண்ணெய்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிப் ‘பியூரோலேட்டர்’ எனப் பெயரிட்டார். அக்காலத்து வடிகட்டிகளின் வழியே எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சென்றது. எஞ்சியது வடிபடாமலே பேரிங்குகளுக்குச் சென்றது. இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் எண்ணெய் முழுவதும் வடிகட்டியினூடே செல்லும் முறை பரவலாயிற்று. 1950-க்குப் பிற்பட்ட பத்தாண்டில், டப்பாவோடு திருகிப் பொருத்தி டப்பாவோடு கழற்றியெறியும் வடிகட்டி வந்தது.

எண்ணெய் செல்லும் வழி

திருகு வடிகட்டியின் அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் மரையுள்ள பெரிய துவாரமும், அதனைச் சுற்றி வட்டமாய்ச் சிறு துவாரங்களும் தெரியும். பம்பினால் தள்ளப்படும் அழுக்கெண்ணெய் சிறு துவாரங்களின் வழியே உட்புகுந்து, டப்பாவின் உட்சுவருக்கும் வடிதாளுக்கும் இடையேயுள்ள வெளியில் நிரம்புகிறது. அங்கிருந்து தாளை ஊடுருவி நடுக்குழாயை அடைந்து, பெரிய துவாரத்தின் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. அழுக்கு தாளின் வெளிப்புறத்தில் தங்கிவிடுகிறது.

இவ்வேற்பாட்டில் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தாளை ஊடுருவுவது எண்ணெய்க்குக் கடினமான வழி. சுலபமான வேறு வழி எங்கேனும் இருந்தால், எண்ணெய் அவ்வழியே செல்லும். வரப்பை எவ்வளவு உயரமாகவும் அகலமாகவும் போட்டாலும், அதில் ஒரு நண்டுவளை இருந்தால் வயலில் நீர் நில்லாது என்பதை விவசாயிகளுக்குச் சொல்லவேண்டுவதில்லை. வடிகட்டியின் விஷயமும் அதுவே. தாள் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் ஓரங்களிலும் மூட்டுகளிலும் கசிவு இருப்பின் பயனில்லை. வடிகட்டியின் தரத்தை மதிப்பிடும்போது முதலில் நோக்கவேண்டியது இந்த இடங்களையே.

வடிதாள்

சாதாரண வடிகட்டிகளில் மரக்கூழால் ஆன காகிதம் உபயோகிக்கப்படுகிறது. அது எண்ணெயில் ஊறிக் குழையாதிருக்கும்பொருட்டு, பிசின் ஏற்றிச் சூட்டில் பதப்படுத்தப்படுகிறது. பதம் குறைந்த தாள் சில மாதங்களில் இற்றுப்போகும். எண்ணெயில் ஈரம் சேர்ந்தால் உப்பிக் கண்கள் அடைபடும். உயர்ந்த வடிகட்டிகளில் நுண்ணிய கண்ணாடி நாரோ செயற்கை நாரோ கலக்கப்படுகிறது. இந்நார்கள் மரக்கூழ் நாரைவிட மெல்லியனவும் ஒரே சீரானவையும் ஆதலால், சிறிய துகளையும் பிடித்துக்கொண்டு, எண்ணெயின் ஓட்டத்தையும் அதிகம் தடுப்பதில்லை. முழுதும் செயற்கை நாரால் ஆன தாளுக்குத் தன்னில் விறைப்பு குறைவு. ஆகையால் அதற்குப் பின்னால் கம்பி வலை கொடுப்பதுண்டு.

பெட்டியின்மேல் ‘20 மைக்ரான்’ என்று மட்டும் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கலாகாது. இருபது மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடிக்கும் தாளும், ஏறக்குறைய முழுவதையும் பிடிக்கும் தாளும் அந்த ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ள இடமுண்டு. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் 4548-ம் எண் விதிகளின் 12-ம் பகுதியில் இதற்கான பரீட்சை முறை வகுக்கப்பட்டுள்ளது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எண்ணெயிலுள்ள துகள்களை எண்ணி, முன்னுள்ள தொகையைப் பின்னுள்ள தொகையால் வகுத்தால் வருவது ‘பீட்டா’ என்னும் விகிதம். பீட்டா 2 எனில், இரண்டில் ஒரு துகள் தப்பிச் செல்கிறது. அதாவது 50 சதவீதமே வடிபடுகிறது. பீட்டா 75 எனில், 75-ல் ஒன்றுதான் தப்புகிறது, ஏறக்குறைய 98.7 சதவீதம் வடிபடுகிறது. ஆகவே, மைக்ரான் எண்ணுடன் சதவீதமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று நோக்கவேண்டும்.

மடிப்பும் தாளின் மூட்டும்

சிறிய டப்பாவுக்குள் அதிகப் பரப்புள்ள தாளை அடக்கும்பொருட்டு, புடவையின் கொசுவம்போல் அதனை மடித்து வட்டமாய் வைக்கின்றனர். பரப்பு அதிகமானால் அழுக்கை ஏற்கும் சக்தியும் அதிகம். எனினும் மடிப்புகளை எண்ணி மட்டும் முடிவு செய்யக்கூடாது. நெருக்கி அடைத்த மடிப்புகள் எண்ணெயின் அழுத்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பரப்பு வீணே. ஒரே இடைவெளியும் ஒரே ஆழமும் உள்ள மடிப்புகளே நல்ல தயாரிப்பின் அடையாளம்.

தாளின் இரு முனைகளும் சேருமிடத்தில் தகட்டுக் கிளிப்பாலோ ஒட்டுப்பொருளாலோ மூட்டுப் போடுகின்றனர். மூட்டின் இருபுறமும் மடிப்புகள் அகன்று நிற்குமாயின், அழுத்தம் ஏறி இறங்குந்தோறும் அவ்விடத்துத் தாள் வளைந்து வளைந்து, நாளடைவில் மடிப்பின் விளிம்பில் கிழிந்துபோகும். பழைய வடிகட்டியைப் பிரித்துப் பார்ப்பவர் முதன்முதல் நோக்கவேண்டிய இடம் இதுவேயாகும்.

முனை மூடிகள்

மடித்த தாளின் மேலும் கீழும் உள்ள ஓரங்களை வட்டமான முனை மூடிகள் அடைத்து நிற்கின்றன. இவை தகட்டாலும், அட்டையாலும், கம்பளி போன்ற நார்ப் பொருளாலும் செய்யப்படுவதுண்டு. தகட்டு மூடியில் ஒட்டுப்பொருளை வார்த்து, தாளின் ஓரத்தை அதில் பதித்துச் சூட்டில் இறுகச் செய்கின்றனர். ஒட்டுப்பொருள் வட்டம் முழுவதும் சமமாய்ப் பரவியிருந்தால் மூட்டு உறுதியாக நிற்கும். ஓரிடத்தில் குறைந்தாலும் அங்கே தாளின் ஓரம் திறந்து நிற்கும்.

அட்டை மூடி என்றாலே மட்டம் என்று பலர் கருதுகின்றனர். அட்டையாயினும் தாளின் ஓரம் முழுவதும் நன்கு ஒட்டியிருக்குமாயின் அது தன் வேலையைச் செய்யும். தகடாயினும் ஒட்டு விட்டிருந்தால் பயனில்லை. ஆயினும் அட்டை விறைப்புக் குறைந்ததாகையால், ரப்பர் வால்வுடன் சேருமிடத்தில் நெளிந்து வழிவிடும் அபாயம் தகட்டைவிட அதற்கு அதிகம்.

நடுக்குழாய்

தாளின் உட்புறத்தில் துவாரங்களுள்ள தகட்டுக் குழாய் ஒன்று நிற்கிறது. அழுக்கேறிய தாளின்மீது வெளியிலிருந்து விழும் அழுத்தத்தைத் தாங்குவது இதுவே. மெல்லிய தகட்டால் செய்த குழாய் நசுங்கினால், தாளும் உடன் நசுங்கிக் கிழியும். சில வடிகட்டிகளில் வட்டத் துவாரங்களுக்குப் பதிலாக, தகட்டைக் கீறி ஜன்னல் பலகைபோல் உயர்த்தியிருப்பர். அச்சு தேய்ந்துபோன தொழிற்சாலையில் இக்கீறல்கள் சரியாகத் திறவாமலே நின்றுவிடும். அத்தகைய குழாய் எண்ணெயின் ஓட்டத்தையே குறைக்கும். புது வடிகட்டியின் நடுத் துவாரத்தில் டார்ச்சு வெளிச்சம் செலுத்திப் பார்த்தால் இக்குறையை வாங்குமுன்னரே கண்டுகொள்ளலாம்.

மாற்றுவழி வால்வு

தாள் அடைபட்டாலோ, குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, எண்ணெய் தாளை ஊடுருவ இயலாது போகும். அப்போது எஞ்சின் எண்ணெயின்றி வறளாதிருக்க, ஸ்பிரிங்கினால் மூடப்பட்ட வால்வு ஒன்று திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே அனுப்புகிறது. அழுக்கெண்ணெய் தீது, ஆனால் எண்ணெயே இன்மை அதனினும் தீது என்பதே இதன் தத்துவம். தாளின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் பெரும்பாலான வண்டிகளில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் அரை கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை எட்டும்போது இது திறக்குமாறு அமைக்கப்படுகிறது.

ஸ்பிரிங் பலவீனமாயின் வால்வு அடிக்கடி திறந்து, எண்ணெய் வடிபடாமலே ஓடும். வால்வு இருக்கையில் சரியாய்ப் படியாவிடின் எப்பொழுதும் கசியும். மிக விறைப்பாயின் தக்க சமயத்தில் திறவாமல் நடுக்குழாய் நசுங்கும். இம்மூன்றையும் வெளியிலிருந்து அறிய இயலாது. மேலும், சில எஞ்சின்களில் இவ்வால்வு எஞ்சினிலேயே அமைந்திருப்பதால் வடிகட்டியில் அது இராது. மரை பொருந்துகிறதென்று ஒரு வண்டியின் வடிகட்டியை மற்றொன்றுக்குப் போடுவது ஆபத்து என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

எண்ணெய் திரும்பாது தடுக்கும் ரப்பர்

அடித்தகட்டின் சிறு துவாரங்களுக்கு உட்புறம் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. எஞ்சின் நின்றபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தப்படும் வடிகட்டிகளுக்கு இது இன்றியமையாதது. இது பழுதானால், மறுநாட் காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது காலி வடிகட்டி நிரம்பும் வரையில் பேரிங்குகளுக்கு எண்ணெய் எட்டாது. எண்ணெய் விளக்கு அணையத் தாமதமாவதும், கிளப்பியவுடன் சில விநாடிகள் தட்டும் ஓசை கேட்பதும் இதன் குறிகள்.

நைட்ரைல் ரப்பர் நாளடைவில் எண்ணெயின் சூட்டால் விறைத்துப் போகும். சிலிக்கோன் ரப்பர் விலை அதிகம். ஆயினும் சூட்டிலும் குளிரிலும் மென்மை கெடாது. பிரித்தெடுத்த பழைய வளையத்தை விரலால் மடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இவற்றுடன், டப்பாவின் அடியிலுள்ள ஸ்பிரிங் தாளுருளையை அடித்தகட்டின் பக்கம் அழுத்திப் பிடிக்கிறது. அதன் பிடி தளர்ந்தால் உருளை ஆடி, அழுக்கெண்ணெய் ஓரமாய்ப் புகும். அடித்தகடு மெல்லியதாயின் அழுத்தத்தில் வளைந்து, வெளி வாஷரின் வழியே எண்ணெய் பீறிடும்.

ஒரு கணக்கு

கசிவினால் வரும் நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 100 துகள்கள் வருவதாகக் கொள்க. முதல் வடிகட்டியின் தாள் 99 சதவீதம் பிடிக்கும் உயர்ந்த தாள். ஆனால் மூட்டுகளின் வழியே பத்தில் ஒரு பங்கு எண்ணெய் கசிகிறது. கசிவுடன் 10 துகள்கள் நேரே சென்றுவிடும். மீதி 90-ல் ஏறக்குறைய ஒன்று தாளைக் கடக்கும். ஆக, எஞ்சினை அடைவது 11. இரண்டாவது வடிகட்டியின் தாள் 95 சதவீதமே பிடிப்பது. ஆனால் மூட்டுகளில் கசிவே இல்லை. எஞ்சினை அடைவது 5 மட்டுமே. மட்டத் தாளும் கெட்டி மூட்டும் உள்ள வடிகட்டி, உயர்ந்த தாளும் ஓட்டை மூட்டும் உள்ளதைவிட இருமடங்கு நன்மை செய்வது இதனால் விளங்கும்.

பழைய வடிகட்டியை அறுத்துப் பார்த்தல்

எண்ணெய் மாற்றும் நாளில் கழற்றிய வடிகட்டியை எறிந்துவிடாமல், எண்ணெய் முழுதும் வடியும்படி கவிழ்த்து வைக்கவேண்டும். பிறகு, டப்பா திறக்கும் சுற்றுக்கத்தி போன்ற வடிகட்டி அறுக்கும் கருவியால் அடித்தகட்டை ஒட்டி அறுக்கச் செய்யலாம். ரம்பத்தால் அறுத்தால் இரும்புப் பொடி உள்ளே விழுந்து, எஞ்சின் தேய்ந்த பொடியோ என்று மயக்கும். நெருப்புப் பொறி பறக்கும் அரவைக் கருவி எண்ணெய்ப் பண்டத்துக்கு ஆகாது.

திறந்தபின் பின்வருவனவற்றை வரிசையாய் நோக்குக:

1. தாளின் ஓரம் முனை மூடியை விட்டு எங்கேனும் பிரிந்திருக்கிறதா?
2. மூட்டின் அருகில் மடிப்பு கிழிந்திருக்கிறதா?
3. மடிப்புகள் ஒட்டியோ சாய்ந்தோ கிடக்கின்றனவா?
4. நடுக்குழாய் நசுங்காமல், துவாரங்கள் திறந்து இருக்கின்றனவா?
5. ரப்பர் வளையம் மென்மையாய் இருக்கிறதா? விறைத்திருக்கிறதா?
6. ஸ்பிரிங்குகள் அழுத்தினால் மீள்கின்றனவா?

பிறகு தாளை வெட்டி விரித்து வெயிலில் பிடித்தால், எஞ்சினின் உடல்நிலையும் ஒருவாறு தெரியும். மின்னும் பொடி காந்தத்தில் ஒட்டினால் இரும்பு உறுப்புகளின் தேய்வு. ஒட்டாமல் செம்பு நிறமாகவோ வெள்ளி நிறமாகவோ மின்னினால் பேரிங்கு போன்றவற்றின் தேய்வாக இருக்கலாம். புது எஞ்சினின் முதல் வடிகட்டியில் சிறிது பொடி இருப்பது இயல்பே. பழகிய எஞ்சினில் திடீரெனப் பொடி மிகுந்தால், அறுவடைக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டுதல் நலம். அறுவடையின் நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் செலவு ஒரு பக்கம், வயலில் உதிரும் நெல் மறு பக்கம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

யந்திரத்துடன் வந்த புத்தகத்தில் குறித்த எண்ணுள்ள வடிகட்டியையே, நம்பிக்கையான விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்கவேண்டும். பெயர்பெற்ற கம்பெனிகளின் பெட்டியைப்போலவே அச்சிட்டுப் போலிச் சரக்கை அடைத்து விற்பதும் உண்டு. பெட்டி கசங்கியோ, டப்பா நசுங்கியோ, வாஷர் விறைத்தோ இருந்தால் மறுத்துவிடுக. விலை மிகுந்ததே சிறந்தது என்றும் எண்ணவேண்டாம். ஒரு தடவை அறுத்துப் பார்த்துத் தேறிய வடிகட்டியைத் தொடர்ந்து வாங்குவதே விவேகம்.

பொருத்துமுன் பழைய வாஷர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். வாஷரின்மேல் வாஷர் விழுந்தால் எண்ணெய் முழுதும் சில நிமிஷங்களில் வெளியேறக்கூடும். புது வாஷருக்கு எண்ணெய் தடவி, கையால் திருகி, வாஷர் படிந்தபின் டப்பாவில் குறித்த அளவு, பெரும்பாலும் முக்கால் சுற்று, இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு முறுக்குதல் கூடாது. எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்த்து, நிறுத்தியபின் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்கவும். எவ்வளவு நல்ல வடிகட்டியும் எண்ணெயில் சேரும் புளிப்பையும், கலந்துவிட்ட டீசலையும் பிரிக்காது. ஆகையால் வடிகட்டி உயர்ந்ததென்று எண்ணெய் மாற்றும் கெடுவை நீட்டலாகாது. வடிந்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், சேர்த்து வைத்து மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் ஒப்புவிக்கவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. ஊரில் டிராக்டரும் காரும் வைத்திருப்போர், தாங்கள் கழற்றிய பழைய வடிகட்டிகளைப் பெயரும், விலையும், ஓடிய மணியும் எழுதி ஒரு நாள் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்படி செய்து, யாவர் முன்னிலையிலும் அறுத்து வரிசையாய் வைத்தால், எது நல்லது எது தீயது என்பதை எழுதப் படிக்க அறியாதவரும் கண்ணாற் கண்டுகொள்வர். அறுக்கும் கருவி ஒன்று ஊருக்குப் பொதுவாய் இருந்தால் போதுமானது. விதையை முளைப்பரீட்சை செய்து விதைக்கும் விவசாயிகள், வடிகட்டியையும் இவ்வாறு பரீட்சித்து வாங்கும் வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.